கதிரியக்கக் குப்பையை என்ன செய்வது? நியூக்ளியர் மெடிசின் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஏதாவது ஒரு மருத்துவமனையின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில், அதாவது கதிரியக்க மருந்து கொடுத்து ஸ்கேனும் சிகிச்சையும் செய்கிற பிரிவில், டெக்னீஷியனாகவோ நர்ஸாகவோ ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகவோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. ஊசி மருந்து தயாரிப்பதையும் கேமரா ஓட்டுவதையும் முதல் வாரத்திலேயே ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், குப்பைத் தொட்டிப் பக்கம் மட்டும் யாரும் கூட்டிப் போக மாட்டார்கள். இதற்கிடையில் வீட்டிலிருந்து அத்தை போன் போட்டு, "அங்க வேலை பார்த்தா முடியெல்லாம் கொட்டிடுமாமே" என்பார். கொட்டாது என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் பணியாளர் வரம்புக்கு வெகு கீழேதான் இருப்பார்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மற்ற ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கலாம், ஆட்டோகிளேவில் போடலாம், மருந்து ஊற்றிக் கிருமியைக் கொல்லலாம். கதிரியக்கத்தை இது எதுவும் ஒன்றும் செய்யாது. எரித்தால் புகையோடு போகும், கழுவினால் தண்ணீரோடு போகும், இடம் மாறுமே தவிர ஒழியாது. அது தன் கணக்குப்படி தேய்ந்து அடங்கும்வரை காத்திருப்பதுதான் நம்மால் முடிந்தது. அதனால்தான் இந்த வேலையில் ஈயக் கவசத்தைவிட மார்க்கர் பேனா முக்கியம் என்பேன். எந்த ஐசோடோப் (கதிரியக்கப் பொருளின் வகை), எந்தத் தேதி என்று எழுதாத பை ஒன்று ஸ்டோரில் கிடந்தால், அதை எப்போது வெளியே விடலாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கழிவைக் கையாள மூன்று வழிகள் உண்டு. தேயும்வரை வைத்திருந்து விடுவது, நீர்த்துப்போகச் செய்து வெளியேற்றுவது, அளவைச் சுருக்கி அடைத்து வைப்பது. மருத்துவமனையில் பெரும்பாலும் முதல் வழி, கொஞ்சம் இரண்டாவது வழி. மூன்றாவது வழியைப் பார்க்க ஈசிஆரில் சென்னை போகும் வழியில் இருக்கிற கல்பாக்கத்துக்குப் போக வேண்டும். அணு உலைக் கழிவைச் சிமெண்டோடு கலந்து இறுக வைத்துக் கான்கிரீட் பள்ளங்களில் இறக்குவது, எரிபொருள் மறுசுழற்சியில் மிஞ்சுகிற மிக வீரியமான கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி ஸ்டீல் குடுவைகளில் அடைப்பது, எல்லாம் அந்தத் துறையின் வேலை. நம் பிரச்சினை அதைவிட எளிது, நம்மிடம் இருப்பது பெரும்பாலும் சீக்கிரம் தேய்கிற சரக்கு.

முதல் நாளே செய்ய வேண்டியவை

உங்கள் பெயரில் டிஎல்டி பேட்ஜ், அதாவது உங்கள் மேல் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்கிற பேட்ஜ், வந்துவிட்டதா என்று கேளுங்கள். வராமல் ஹாட் லேப் (கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறை) உள்ளே வேலை செய்யாதீர்கள், "இன்னிக்கு மட்டும்" என்று யார் சொன்னாலும். ஈய ஏப்ரன் போட்டால் பேட்ஜ் அதற்கு உள்ளே, மார்பு மட்டத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி, கதிர்வீச்சு இல்லாத இடத்தில், கண்ட்ரோல் பேட்ஜ் (ஒப்பிட்டுப் பார்க்க, யாரும் அணியாத பேட்ஜ்) வைத்திருக்கிற ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏப்ரன் பாக்கெட்டிலேயே பேட்ஜை விட்டுவிட்டு, அந்த ஏப்ரனை ஹாட் லேபில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம் மூன்று மாதக் கணக்கு வரும்போது டோஸ் ஏன் இவ்வளவு என்று விசாரணைக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்து, உங்கள் பிரிவின் ஆர்எஸ்ஓ, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று தெரிந்துகொண்டு அவர் எண்ணைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். 1983-இல் ஏற்படுத்தப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், எல்லோரும் ஏஇஆர்பி என்பது, அதற்கு இங்கே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதும் உங்கள் ஆர்எஸ்ஓ சொல்வதும் மாறினால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாவதாக, கதிர்வீச்சை அளக்கிற சர்வே மீட்டரைக் கையில் எடுத்து, பேட்டரியைப் பார்த்து, ஹாட் லேபுக்குத் தூரமாகக் காலியாக இருக்கிற ஓர் அறையில் சும்மா நின்று அளந்து பாருங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டாது. மண்ணிலும் கல்லிலும் வானத்திலும் இருந்து வருகிற இயற்கைக் கதிர்வீச்சு எங்கேயும் இருக்கும், கிரானைட் தரை போட்ட இடத்தில் சற்றுக் கூடுதலாகவே காட்டும். அந்த எண்ணை, அதாவது பின்னணி அளவை, எழுதி வையுங்கள். பின்னால் ஒரு பையை வெளியே விடலாமா என்று முடிவு செய்வதே இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான்.

ஏப்ரனைப் பற்றி ஒரு வார்த்தை. அரை மில்லிமீட்டர் ஈய ஏப்ரன், ஸ்கேனுக்குப் பயன்படுகிற டெக்னீஷியம்-99எம்முக்கு நன்றாகவே உதவும், அதன் காமா கதிர் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131-இன் கதிருக்கு அது 364, பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18-இன் கதிருக்கு 511. இவற்றைப் பாதியாகக் குறைக்கவே சில மில்லிமீட்டர் ஈயம் வேண்டும், ஆகவே ஏப்ரன் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் அயோடின் பையைக் கட்டி அணைத்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீளமான இடுக்கியால் பிடித்து, டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் கால் பங்காகும்.

தொட்டியில் போடும்போதே பிரியுங்கள்

ஹாட் லேபிலும் ஊசி போடும் அறையிலும் ஈயம் வைத்த தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஐசோடோப்புக்கு, அல்லது ஒத்த அரை ஆயுள் கொண்டவற்றுக்கு. அரை ஆயுள் என்பது வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம். டெக்னீஷியம்-99எம்முக்கு 6 மணி நேரம், ஃப்ளோரின்-18க்கு 110 நிமிடம், காலியம்-68க்கு 68 நிமிடம், அயோடின்-131க்கு 8 நாள், லுட்டீஷியம்-177க்கு 6.6 நாள் சொச்சம். டெக்னீஷியம் பையில் ஒரே ஒரு அயோடின் பஞ்சைப் போட்டுவிட்டால் இரண்டரை நாளில் போக வேண்டிய மொத்தப் பையும் இரண்டரை மாதத்துக்கும் மேல் ஸ்டோரில் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஸ்டோர் அறை எப்போதும் சின்னதாகத்தான் கட்டியிருப்பார்கள்.

இதில் இன்னொரு பிரிவும் உண்டு, இதைத்தான் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். தேய்ந்து முடிந்த பிறகு இந்தக் குப்பை சாதாரண மருத்துவக் கழிவாக மாறிவிடும், அப்போது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி நிறம் பார்த்துப் போட வேண்டும். ஊசிமுனை வெள்ளைப் பெட்டிக்கு, ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சும் டியூபும் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. தேய்ந்த பிறகு பையைப் பிரித்துக் கொட்டி ஊசியைப் பொறுக்கலாம் என்று நினைக்காதீர்கள், கையில் குத்தும். முதலிலேயே ஈயத் தொட்டிக்குள் ஊசிக்கு ஒரு பெட்டி, மற்றதற்குத் தனித்தனிப் பை என்று வைத்துவிட்டால் பின்னால் அப்படியே மாற்றிவிடலாம். அப்புறம் அந்த விதிகளில் தொற்றுக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு, அதைக் காட்டி வார்டு ஆட்கள் "பையைக் குடுங்க சார், வண்டி வந்துடுச்சு" என்று நிற்பார்கள். கதிரியக்கக் கழிவு அந்த விதிகளுக்குள் வராது, அதற்கு 1987-ஆம் ஆண்டின் தனி விதிகள் இருக்கின்றன. தேயாத பையைக் கொடுக்காதீர்கள்.

பையை மூடியதும் லேபிள். ஐசோடோப், மூடிய தேதி, நேரம், பையின் மேற்பரப்பில் மீட்டர் காட்டிய அளவு, மூடியவர் பெயர், வெளியே விடக்கூடிய தேதி. பையில் கடைசிப் பொருள் விழுந்த நாளிலிருந்துதான் கணக்கு, முதல் பொருள் விழுந்த நாளிலிருந்து இல்லை. மூடிய பையைத் திறந்து இன்னொரு கையுறையை உள்ளே திணித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இதே விவரம் பதிவேட்டிலும் ஏற வேண்டும், ஏனென்றால் புதுச்சேரிக் காற்றின் ஈரத்தில் இரண்டு மாதம் தொங்கிய காகித லேபிளை யாராலும் படிக்க முடியாது. பைக்கு ஒரு எண் கொடுத்துப் பெர்மனன்ட் மார்க்கரால் பையின் மேலேயே எழுதிவிடுவது நல்லது.

எவ்வளவு நாள் வைத்திருப்பது?

பத்து அரை ஆயுள் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. பத்து முறை பாதியானால் 1024-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். டெக்னீஷியத்துக்கு 60 மணி நேரம், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூடிய பை திங்கள் காலை ஆறு மணிக்கு அளந்து பார்க்கத் தயார். ஃப்ளோரின்-18க்கு பதினெட்டு மணி நேரம் சொச்சம், மறுநாள் மாலைக்குள் ஆகிவிடும். அயோடினுக்கு 80 நாள், பொங்கலன்று மூடிய பையை ஏப்ரல் முதல் வாரம் வரை தொட வேண்டாம்.

இந்தப் பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். பையில் ஒரு மில்லிக்யூரி (கதிரியக்க வீரியத்தின் அலகு, ஆயிரம் மைக்ரோக்யூரி) இருந்திருந்தால் பத்து அரை ஆயுளுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மைக்ரோக்யூரி. நோயாளிக்குக் கொடுக்க முடியாமல் போன நூறு மில்லிக்யூரி அயோடின் கேப்சூல் கிடந்தால், அதே 80 நாளுக்குப் பிறகும் நூறு மைக்ரோக்யூரி மிச்சம் இருக்கும். ஆகவே கடைசி வார்த்தை மீட்டருடையது. லுட்டீஷியத்தில் இன்னொரு சிக்கல். தயாரிக்கும் முறையைப் பொறுத்து சில லுட்டீஷியம்-177 மருந்துகளில் 177எம் என்ற கலப்படம் துளியளவு இருக்கும், அதன் அரை ஆயுள் 160 நாள். 67 நாள் முடிந்தும் பை அடங்க மாட்டேன் என்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் மருந்து எந்த வகை என்று பாருங்கள். அதேபோலக் காலியம்-68ஐப் பிரிவிலேயே எடுத்துக்கொள்ள உதவுகிற ஜெனரேட்டர் என்ற கருவிக்குள் இருப்பது ஜெர்மானியம்-68, அதற்கு 271 நாள். காலியம் ஒரே நாளில் தேய்கிறதே என்று ஜெனரேட்டரையும் அதே கணக்கில் சேர்க்காதீர்கள், அது கொடுத்தவரிடமே திரும்பிப் போக வேண்டிய பொருள்.

நாள் முடிந்த பையை ஈயத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, ஹாட் லேபுக்குத் தள்ளி, பின்னணி குறைவான இடத்தில் வையுங்கள். ஈயத்துக்கு வெளியே நின்று அளந்தால் எல்லாப் பையும் நல்ல பையாகத்தான் தெரியும். மீட்டரை மிக நுண்ணிய ரேஞ்சில் வைத்து, அதன் அளக்கும் முனையான புரோபுக்கு மெல்லிய பாலிதீன் உறை போட்டு, பையின் எல்லாப் பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக வீசினால் மீட்டருக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்காது. நீங்கள் எழுதி வைத்த பின்னணி எண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு இருந்தால் போகலாம். இல்லையென்றால் புதுத் தேதி எழுதி மறுபடி உள்ளே.

வெளியே விடும் பையிலிருந்து அந்த மூன்றிதழ்க் கதிர்வீச்சுச் சின்னத்தைக் கிழித்துவிடுங்கள், அல்லது தெரியாதபடி கருப்படித்துவிடுங்கள். தேய்ந்து ஒன்றுமில்லாத பை சின்னத்தோடு வெளியே போய், கழிவு வண்டி ஓட்டுநர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைக்கு முழுக்க உங்கள் சூப்பரின்டென்டெண்ட் போனில்தான் இருப்பார்.

தண்ணீரும் டாய்லெட்டும்

தைராய்டு புற்றுநோய்க்குப் பெரிய அளவில் அயோடின்-131 வாங்குகிற நோயாளி தனி அறையில் தங்குவார். உள்ளே போன மருந்தில் பெரும்பங்கு முதல் இரண்டு நாளுக்குள் சிறுநீரில் வந்துவிடும். அந்த டாய்லெட்டின் குழாய் ஊர்ச் சாக்கடைக்கு நேராகப் போகாமல், தேயும்வரை கழிவுநீரைத் தேக்கி வைக்கிற டிலே டேங்குக்குப் போகும். பொதுவாக இரண்டு டேங்க் இருக்கும், ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைத் திறப்பார்கள், மூடியது தேய்ந்த பிறகு மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

டேங்கின் எதிரி தண்ணீர்தான். வெயில் காலத்தில் நோயாளி ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தால், பழைய பெரிய ஃப்ளஷ் டேங்க் இருந்தால், கணக்குப் போட்ட நாளுக்கு முன்பே நிரம்பி அடுத்த நோயாளியின் தேதி தள்ளிப் போகும். அதற்காகக் குளிக்காதே என்று சொல்ல முடியாது, குறைவான தண்ணீரில் ஓடுகிற ஃப்ளஷ் போடுவதும் ஒழுகுகிற குழாயை உடனே சரிசெய்வதும்தான் வழி. இரண்டாவது எதிரி நாப்கின். அட்மிஷன் நாளிலேயே பெண் நோயாளிகளிடம் நர்ஸ் அக்கா வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், நாப்கினும் டிஷ்யூவும் அறையில் உள்ள பைக்குத்தான், டாய்லெட்டுக்கு இல்லை. அடைத்துக்கொண்டால் அந்தக் குழாயைத் திறக்கப் பிளம்பர் வர வேண்டும், அவரிடம் பேட்ஜும் கிடையாது, பயிற்சியும் கிடையாது.

சாப்பாடும் கழிவுதான் என்பது பலருக்கு அறைக்குள் போன பிறகுதான் உறைக்கும். எச்சிலில் அயோடின் வரும், ஆகவே கடித்துத் துப்பிய மீன் முள், எலும்பு, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் பைக்குள் போய் 80 நாள் இருக்க வேண்டியவை. இந்த ஊர் வெக்கையில் மீன் முள் 80 நாள் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிச்சனில் பேசி அந்த இரண்டு மூன்று நாளுக்கு இட்லி, பொங்கல், தயிர் சாதம், முள்ளில்லாத கறி என்று மிச்சமில்லாமல் சாப்பிடக்கூடியதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் மிஞ்சினால் அதற்கென்றே ஒதுக்கிய ஃப்ரீசர் வேண்டும், அதில் ஸ்டாஃப் யாரும் தண்ணீர் பாட்டில் வைக்காதபடி பூட்டும் வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது நோயாளியிடம் சொல்ல வேண்டியதைக் கையில் எழுதிக் கொடுங்கள். உட்கார்ந்து சிறுநீர் கழிப்பது, இரண்டு முறை ஃப்ளஷ் செய்வது, துணியைத் தனியாகத் துவைப்பது, மருத்துவர் சொன்ன நாள்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. டிஷ்யூ, நாப்கின் போன்றவற்றை முதல் சில வாரங்களுக்குத் தனிப் பையில், மூடி போட்ட வாளியில், மாடிப் பக்கமோ பின்கட்டிலோ வைத்திருந்து அப்புறம் போடச் சொல்லுங்கள். நேராகத் தெருவில் வருகிற குப்பை வண்டியில் போட்டால் அது குரும்பாபேட்டை கிடங்குக்குப் போய் அங்கே யார் கையிலோ பிரியும்.

கதிரியக்க மருந்து கொட்டிவிட்டால்

முதலில் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். ஓடாதீர்கள், செருப்போடு நாலு அறைக்குப் பரப்பிவிடுவீர்கள். உறிஞ்சும் காகிதத்தை மேலே போட்டு, சுற்றி யாரும் வராமல் தடுத்துவிட்டு, இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். துடைத்ததெல்லாம் பைக்குள், லேபிளோடு. ஆள் மேல் பட்டிருந்தால் தரையை விட்டுவிட்டு ஆளை முதலில் பாருங்கள்: துணியைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மென்மையான கை. பிரஷ் போட்டுத் தேய்த்தால் தோல் உரிந்து உள்ளே போகும். எவ்வளவு துடைத்தும் மீட்டர் இறங்கவில்லை, கொட்டியது டெக்னீஷியம் என்றால், மேலே பிளாஸ்டிக் விரித்து ஒட்டி, நேரத்தை எழுதி, அந்த மூலையை வார இறுதிக்கு மூடிவிடுவதே புத்திசாலித்தனம். அயோடின் என்றால் ஆவியாகவும் கிளம்பும், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆர்எஸ்ஓவைக் கூப்பிடுங்கள்.

காயலான் கடைக்குப் போகக் கூடாதவை

கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கிற சீசியம்-137, கோபால்ட்-57 போன்ற சீல் செய்த கதிரியக்க மூலங்கள், பழைய கோபால்ட் சிகிச்சைக் கருவி, இவை காத்திருந்து தேய விடுகிற ஜாதி இல்லை. சீசியத்துக்கு 30 ஆண்டு, கோபால்ட்-60க்கு ஐந்தேகால் ஆண்டு. ஏஇஆர்பி அனுமதியோடு, கொடுத்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், சிகிச்சைக் கருவியின் தலையில் கவசமாக யுரேனியமே இருக்கலாம் என்பதால் காலிக் கருவிக்கும் இதே நடைமுறைதான். 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த ஒரு காமா கருவி ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டு, உள்ளே இருந்த கோபால்ட்-60ஆல் ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டிடத்திலிருந்து எடுத்த சீசியம் மூலத்தைப் பிரித்து, நீலமாக ஒளிர்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். நான்கு பேர் போனார்கள். கட்டிடம் இடம் மாறும்போதும் பழைய ஸ்டோரைக் காலி செய்யும்போதும் இருப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலத்தையும் கண்ணால் பார்த்து டிக் அடியுங்கள்.

எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் இதில் சேராது, சுவிட்சை அணைத்தால் அவற்றில் கதிர்வீச்சே கிடையாது. ஆனாலும் பழைய எக்ஸ்ரே மெஷினைக் கழிக்கும்போது ஏஇஆர்பிக்கு முறைப்படி தெரிவித்து, மறுபடி இயக்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

மழைக்காலம்

இந்தக் கடற்கரையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கழிவு ஸ்டோர் பெரும்பாலும் தரைத்தளத்தில் பின்பக்கமாகத்தான் இருக்கும், ஈயத்தின் எடை அப்படி. அக்டோபர் பிறப்பதற்குள் நாள் முடிந்த பைகளையெல்லாம் அளந்து வெளியே அனுப்பி இருப்பைக் குறையுங்கள். மிச்சத்தை மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்களில் போட்டு முழங்கால் உயரத்துக்கு மேல் உள்ள ராக்கில் ஏற்றுங்கள், பதிவேட்டின் நகலை மாடியில் வையுங்கள். டிலே டேங்கின் மேல்மூடி மழைநீர் நுழையாதபடி இருக்கிறதா என்று இன்ஜினியரிங் ஆட்களை வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் புகுந்துவிட்டால் வடிந்த பிறகு மீட்டரோடு நீங்களோ ஆர்எஸ்ஓவோ முதலில் உள்ளே போய்த் தரை, சுவர், சேறு எல்லாம் அளந்து எழுதிய பிறகுதான் துடைப்பத்தோடு நிற்கிற அக்காக்களை உள்ளே விட வேண்டும்.